எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?

“சார், நீங்க படிச்ச ஸ்கூல்லதான் நம்ம அக்காவும் படிச்சாங்க!” என்று சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்தான் ஒல்லி. அச்சு மெஷின் ஓட்டுகிற அவனுக்கு எந்தச் சேதியும் வயிற்றில் தங்காது.

புது மேனேஜர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவளுக்கு வாயில் போட்ட கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

காரணம், அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவள் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வீட்டில் அம்மாதான் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பரீட்சையை மட்டும் வெளியே போய் எழுதி, பிறகு தபாலில் படித்துப் பட்டமும் வாங்கினாள்.

அந்த உண்மையைச் சொல்லித்தான் போன இடமெல்லாம் அவமானப்பட்டாள். ஒரு கம்பெனியில், “பஸ்ல தனியா வரத் தெரியுமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். இன்னொன்றில் வேலை கொடுத்துவிட்டு, அவள் வாயைத் திறந்தாலே, “இதுவும் அம்மா சொல்லிக் கொடுத்ததா?” என்று கேட்டுக் கேட்டே துரத்தினார்கள்.

வெறுத்துப்போய்த்தான், மருந்துப் பெட்டி அச்சடிக்கும் இந்தக் கம்பெனியில் ஊரிலேயே பெரிய பள்ளியின் பெயரைச் சொல்லிவைத்தாள். அவ்வளவு கூட்டத்தில் யாருக்கு யாரை ஞாபகம் இருக்கப்போகிறது என்ற தைரியம். பிழை திருத்தும் வேலை கிடைத்தது. இதையும் விட்டால் வீட்டில் அம்மாவுக்கும் அவளுக்கும் அடுப்பெரியாது.

“யாருக்கா உங்க கணக்கு வாத்தியார்?” ஒல்லி விடாமல் நோண்டினான்.

“சொட்டை சார்,” என்றாள். அந்த சார் பிறந்ததே அந்த நிமிஷம்தான்.

மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “அடடா, சொட்டை சார்! அவர்கிட்ட அடி வாங்காதவங்க யாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். இல்லாத வாத்தியாருக்கு இவர் எதற்குத் தலையாட்டுகிறார்? எலியைக் கவ்வுவதற்குமுன் பூனை கொஞ்ச தூரம் ஓடவிடுமே, அதுதான் இது என்று நினைத்தாள்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. அன்று காலையில்தான் வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை விரல் நுனியால் ஓரம் தள்ளினார்.

“வீட்டுலயே படிச்சதா? வேணாம்பா. இதுங்களுக்கு நாலு பேரோட ஒத்துப்போகத் தெரியாது. அதட்டினா அம்மாவைத் தேடும்.”

ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துவைத்தாள், பாவி.

சாப்பிட்டுவிட்டு வந்து இருக்கையில் உட்காருவதற்குள் இன்டர்காம் அலறியது. “என் ரூமுக்கு வாங்க. உடனே.”

பொய் சொல்லி வேலை வாங்கியவள் என்று ஒருமுறை பெயர் கெட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனி உள்ளே விடும்? காலில் விழுந்தாவது கெஞ்சிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். மானம், ரோஷத்தையெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் நுழைந்ததும் மேனேஜர் கதவைச் சாத்தினார். கண்ணாடிச் சுவரின் திரையையும் இழுத்துவிட்டார். அவளை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை.

“சார், என்னை மன்னிச்சிடுங்க, நான் வேணும்னு...” அதற்குமேல் அவளுக்கு அழுகைதான் வந்தது.

“அய்யோ, நீங்க எதுக்கு அழறீங்க? முதல்ல நான் பேசிடறேன்.” கையை உயர்த்தித் தடுத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. “அங்க நிஜமாவே படிச்சவங்க நீங்க. நான் பேசினதுலேயே உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, இந்த வேலை போனா நடுத்தெருதான்.”

அவள் கண்ணைக்கூடத் துடைக்காமல் நின்றாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு எங்கப்பாதான் மேடம் வாத்தியார், நான் எந்த ஸ்கூலுக்கும் போனதில்ல!”