பெட்டிக்கு ஒரு நாள் ஓய்வு

ஆயுத பூஜையன்று மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன். லேத் பட்டறையில் முப்பது வருஷம் பழகிய கை, ஒன்றைக்கூட விடவில்லை. என் ஸ்டெம் செல் இருந்த ஃப்ரீசர் பெட்டியையும் சேர்த்துத்தான்.

மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காக என் செல்களையே எடுத்து இரண்டு பைகளில் உறையவைத்தார்கள். ஒன்றை அப்போதே எனக்கு ஏற்றியாயிற்று. நோய் திரும்பினால் ஏற்றுவதற்கான இன்னொன்றை, இப்போதைய வழக்கப்படி, வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அது ரசம் மாதிரி இளகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"உங்கள் மன உறுதியே உங்கள் பலம்," என்றது இயந்திரக் குரல்.

"அது கிடக்கட்டும்மா. செல் உயிரோட இருக்கா, இல்லையா?"

"இனிய விஜயதசமி வாழ்த்துகள்."

என் மனைவி கோமளாவோ வாயே திறக்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கே ஒரு வாரம் திட்டுகிறவள். இங்கே என் அடுத்த ஆயுளையே கரைத்து வைத்திருக்கிறேன், அவள் நிதானமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

"ஏன் கோமளா திட்டமாட்டேங்கற?"

"குடிங்க, ஆறிடும்."

"ஒரு வார்த்தையாவது திட்டேன்டி."

டம்ளரை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை அந்த வைத்தியத்தை உங்க இதயம் தாங்காதுன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாருங்க. பெட்டி ஓடுற சத்தம் கேட்டாத்தான் நீங்க தூங்குறீங்க. அதான் வெச்சிருந்தேன்."