முதல் நாள் ரத்தம்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குட்டிக் குழாயை, உறை போட்ட இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. உள்ளே உறைந்திருந்தது உருக வேண்டும்.

கடைசிச் சொட்டு.

சோதனை அறையில் எல்லாருக்கும் அவள் அக்காதான். நல்லவள், வாரி வழங்குகிறவள். அந்தக் குழாய் விஷயத்தில் மட்டும் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டாள்.

கம்பெனி சின்னதுதான். விரல் நீளத்துக்கு ஒரு பட்டை செய்கிறார்கள். ரத்தத்தை ஒரு சொட்டு விட்டால், விஷக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடும். ஒரு கோடு விழுந்தால் இல்லை. இரண்டு விழுந்தால் இருக்கிறது. விலையும் ஏழைக்கு எட்டுகிற விலை.

முன்பெல்லாம் ரத்தத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் காத்திருக்குமா?

பட்டைகள் வெளியே போகுமுன், அவற்றில் ஒன்றை நோய் உறுதியான ரத்தத்தில் சோதித்துப் பார்ப்பது இங்கே வழக்கம். இரண்டாவது கோடு விழாவிட்டால் அத்தனையும் குப்பைக்கு.

அதற்குத்தான் இந்தக் குழாய். காய்ச்சல் கண்ட முதல் நாளே ஒருவரிடம் எடுத்தது. கிருமி அதில் குறைவு, கண்டுபிடிப்பது கஷ்டம். முடிவு விமானமேறித் திரும்பி வருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரமே புதுக் குழாய்கள் வந்துவிட்டன. எல்லாம் காய்ச்சல் முற்றியவர்களின் ரத்தம். அக்கா தொடவில்லை. அதை எந்தச் சொத்தைப் பட்டையும் காட்டிவிடும் என்பாள். முதல் நாளே காட்டினால்தானே ஆள் பிழைப்பான்?

உருகிவிட்டது. சொட்டு விட்டாள்.

முதல் கோடு உடனே விழுந்தது. அது எப்படியும் விழும். இரண்டாவது விழ வேண்டிய இடம் வெள்ளையாகவே கிடந்தது.

பட்டைகளை ஏற்றிப்போக வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் தவறாமல் விழுந்த கோடு, கடைசியில் கைவிட்டுவிடுமோ? இன்னொரு சொட்டுக்கு எங்கே போவாள்?

பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"செத்துப் போச்சு போலக்கா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசுல பார்ப்போமா?"

பட்டையை எடுக்கக் கை நீட்டினாள். அக்கா குறுக்கே கையை வைத்துத் தடுத்தாள். கோடு விழக் கொடுக்கும் கெடு முடிய இன்னும் நேரமிருந்தது.

"கொஞ்சம் பொறும்மா. எங்க கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன் அவரு."

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையில், மெல்ல, வெளிர்சிவப்பாக, அவர் வந்தார்.