கலப்பைக்குக் கனம்

மழை காணாத காடு கல்லாக இறுகிக் கிடந்தது. டிராக்டர் கலப்பையின் கொழுக்கள் மண்ணில் பதியாமல் மேலாகக் கீறிக்கொண்டே ஓடின. தவசி வண்டியை நிறுத்தி, தண்ணீர்க் குடத்தோடு ரோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தங்கையைக் கூப்பிட்டான்.

“கலப்பை மேல ஏறி உக்காரு தாயி. கனம் பத்தல.”

அண்ணன் முகம் கொடுத்துப் பேசியே மாதக்கணக்காகியிருந்தது. இருளாயி குடத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஏறினாள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கொழு இறங்கியது. தன் கனத்துக்கு மண் பிளப்பதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வண்டி ஒருமுறை திரும்பியது. அதன்பிறகு புரண்ட மண்ணில் புல் இல்லை, வேர் இல்லை. வழவழவென்று பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒரு பாளத்தில் அவள் மகனுடைய பிய்ந்த செருப்பு வார் ஒட்டியிருந்தது. அண்ணன் காட்டின் ஊடே அவள் வீட்டுக்குப் போகும் ஒரே பாதை அது. அப்பா காலத்திலிருந்து நடந்து நடந்து இறுகியது.

“அண்ணே, இது நம்ம பாதைண்ணே!”

அவள் வாசல்வரை உழுத பிறகுதான் தவசி நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

“எறங்கு தாயி. மறுசால் ஓட்டுறதுக்குக் கனம் வேணாம்.”

பிளந்து கிடந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் குடம் தெரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இருளாயி இறங்கவில்லை.