ஏரிக்குப் போகாத குடில்

“விஷயம் தெரியுமாடி? மார்லீன் டீச்சரைப் புருஷன் வீட்டைவிட்டே துரத்திட்டானாம்!”

முதியோர் இல்லத்துச் சமையலறையில் கேரட்டை மசித்துக்கொண்டே பாலெட் சொன்னாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் இரண்டும் மின்னின.

“சும்மா இருடி” என்றாள் கூட வேலை செய்கிற டெனீஸ்.

“நான் என்ன கதையா கட்டுறேன்? ஊரே மீன்குடிலை ஏரிக்கு இழுத்துட்டுப் போகுது. அவங்களோடது மட்டும் வீட்டுக்குப் பின்னால நிக்குது. கூரைக் குழாயில புகை வருது. ராத்திரி டீச்சர் அதுலதான் படுக்கிறாங்க.”

ஏரி உறைந்ததும் அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுகிற மரக்குடில் அது. ஒரு பலகை, ஒரு குட்டி அடுப்பு, அவ்வளவுதான். கனடாவின் ஜனவரிக் குளிரில் அதற்குள் ஒரு பெண்பிள்ளை படுப்பதாவது!

“நல்லா வேணும்” என்று டெனீஸின் வாயில் வந்துவிட்டது. உடனே மனதுக்குள் ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் கோபம் ஆறவில்லை.

பின்னே? கொரோனாவுக்காகப் பூட்டிய பள்ளியைத் திறக்கலாமா என்று எல்லாரையும் கணினித் திரையில் கூட்டிக் கேட்டபோது, மற்ற டீச்சர்கள் தயங்கினார்கள். “திறங்க, நான் வர்றேன்” என்று முதல் ஆளாகச் சொன்னது இந்த மார்லீன்தான். திங்கட்கிழமை திறக்கிறார்கள்.

“பெத்திருந்தால்ல அருமை தெரியும்” என்றாள் பாலெட்.

டெனீஸின் பயம் வேறு. மகள் ஒடெட் இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளியிலிருந்து நோயை வாங்கி வந்தால் தனக்கும் வரும். தன்னோடு சேர்ந்து இந்த இல்லத்துக்குள்ளும் வரும். பக்கத்து ஊர் இல்லத்தில் அப்படித்தான் நுழைந்தது. அங்கே இப்போது பாதிக் கட்டில் காலி.

“எம்பொண்ணு போகமாட்டா. வீட்டுல திரை முன்னால சமர்த்தா உட்கார்ந்து படிக்கிறா. சத்தமே கிடையாது. முன்னெல்லாம் என்ன வாய்! இப்பதான் என் காது ஆறியிருக்கு” என்றாள் டெனீஸ்.

அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று, சாயங்காலம் டீச்சர் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினாள். பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பனியில் ஒரு நாற்காலி. தடித்த கோட்டும் தொப்பியுமாக டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் சூப்புக் கிண்ணம். கண்ணாடிக்கு உள்ளே அவர் கணவர் ஸ்டான், அவருக்கும் ஒரு கிண்ணம். இருவரும் ஒரே நேரத்தில் தலை குனிந்து ஜெபித்தார்கள். பிறகு ஸ்டான் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு இல்லை என்று விரலால் ஜாடை காட்டினார். டீச்சர் சிரித்துவிட்டார்.

துரத்தினவரும் துரத்தப்பட்டவரும் பேசிக்கொள்கிற பேச்சா இது?

“அங்கேயே நில்லுங்க டெனீஸ், கிட்ட வராதீங்க” என்றார் டீச்சர், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டே.

“இது என்ன டீச்சர் கோலம்?”

“இவருக்குப் போன வருஷம் சிறுநீரகம் மாத்தி வச்சாங்கல்ல? சின்னச் சளிகூட ஆகாது. பிள்ளைங்களோட இருந்துட்டு நான் எப்படி வீட்டுக்குள்ள போறது? அதான் குடிலுக்கு மாறிட்டேன். திங்கட்கிழமைக்கு முன்னால ஒரு ஒத்திகை. ராத்திரி அடுப்பு அணையுதான்னு பாக்கணுமில்ல?”

“அப்புறம் ஏன் திறங்கன்னு சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா உள்ள கதகதப்பா இருந்திருக்கலாமே!”

டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“என் வகுப்புல ஒரு பிள்ளை, டெனீஸ். பாட்டும் கதையுமா வாய் ஓயாது. திரைப் பாடம் தொடங்கினதிலேர்ந்து பேச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இப்ப ஒரு வார்த்தை கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டா தலையை மட்டும் ஆட்டுது. அந்த முகத்தைப் பாத்துட்டு என்னால தூங்க முடியல.”

“ஐயோ பாவமே! அவங்க வீட்டுல யாரும் கவனிக்கிறதில்லையா?”

“கவனிக்காம என்ன, நல்ல அம்மாதான். வேலைதான் ஆளைப் பிழியுது. சத்தம் போடாத பிள்ளையைப் பாத்தா சமர்த்துப் பிள்ளைன்னுதானே யாருக்கும் தோணும்?”

டெனீஸ் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வைத்தாள்.

“ஒடெட்டா?”

டீச்சர் தலையசைத்தார். “நான் வற்புறுத்தலம்மா. உங்க கையில சாப்பிடுற வயசானவங்களும் இருக்காங்க. அதுவும் எனக்குத் தெரியும்.”

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஜெபம் சொன்னது கணவன் ரேமண்ட். டெனீஸ் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். அந்த வீட்டில் ஜெபம் சொல்வது எப்போதும் ஒடெட்தான். கணீரென்று சொல்வாள். அதை அவள் எப்போது நிறுத்தினாள்? டெனீஸுக்கு நினைவு வரவில்லை.

“எங்க ராசாத்தி, ஆமென் நீ சொல்லு.”

ஒடெட் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரேமண்ட் ரொட்டியைப் பிட்டான். “நாளைக்கு நம்ம குடிலை ஏரிக்கு இழுத்துட்டுப் போறேன். இப்பவே லேட்டு.”

“ஏரிக்கு வேண்டாம். பின்வாசல்ல நிறுத்து.”

“மீன் என்ன பின்வாசலுக்கா வரும்?”

“திங்கட்கிழமை ஒடெட் பள்ளிக்கூடம் போறா. நான் அந்த வயசானவங்ககிட்ட வேலைக்குப் போகணும்.”

“சரி, அதுக்கும் குடிலுக்கும் என்ன? அந்தக் குளிர்ல யாரு போய்ப் படுக்கிறது?”

“நான்தான்” என்றாள் டெனீஸ். “ஊர்ல யாராவது கேட்டா, துரத்திட்டேன்னு சொல்லிக்கோ.”