அப்பா நிரப்ப வேண்டிய படிவம்

"உன் மார்க்குக்கு இந்த நாலு காலேஜுக்கும் தாராளமா போடலாம். இடம் கிடைச்சா சாப்பாடு, தங்குறது, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா மூணு காலேஜ்ல அப்பாவோட வருமானப் படிவமும் கேக்கறாங்க" என்றார் டீச்சர்.

"அப்பா எங்ககூட இல்லையே, டீச்சர்."

"தனியா இருந்தாலும் வேணுமாம். கையெழுத்து வாங்க முடியலைன்னா மூணையும் பட்டியல்ல அடிச்சிட வேண்டியதுதான். மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதுல நூறு பேர் போட்டா நாலு பேருக்குத்தான் இடம்."

அம்மாவிடம் அவள் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரி சமையல்கட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளிடம் அந்தப் பேச்சை எடுத்தால் அழுகையில்தான் முடியும்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி, தனியாகப் போனாள்.

கதவைத் திறந்தது அப்பாவின் இப்போதைய மனைவி. சித்தி என்று கூப்பிட வேண்டிய உறவு. வாய் வரவில்லை.

"அப்பாவைப் பார்க்கணும்."

கதவைத் திறந்தவள் விலகி நின்றாள்.

சோபாவில் இருந்த அப்பா நிமிர்ந்தார். ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறார். "அட, என்ன இப்படி வளர்ந்துட்டே!" என்று சிரித்தார். படிவத்தைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என் சம்பளத்தை எதுக்கு அவங்களுக்குக் காட்டணும்? நாளைக்கு பில்லு என் தலையில வந்து விழும்."

"இல்லப்பா, முழுசா அவங்களே..."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. உங்கம்மா சொல்லி அனுப்பினாளா?"

"அம்மாவுக்குத் தெரியாதுப்பா."

"பக்கத்துல ஏதாவது காலேஜ்ல சேரு. பொம்பளப் பிள்ளைக்கு அது போதும்."

இவ்வளவு நேரமும் அந்த மனைவி சுவரில் சாய்ந்து கை கட்டி நின்றாள். உட்கார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாய் தண்ணீர் இல்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். பின்னாலேயே வாசல்வரை வந்த அப்பாவின் மனைவி, "அதைக் கொடு" என்று படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். காலேஜ் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், கடைசித் தேதி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அவர்தான் முடியாதுன்னுட்டாரே. இனிமே இந்த வாசல்ல வந்து நிக்காதே."

கதவு சாத்திக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். காலேஜ் பட்டியலை மடியில் வைத்தே மூன்று பெயர்களையும் அடித்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. அம்மா போனில், "சாப்பிட்டியா?" என்றாள்.

"ம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்கிட்டேம்மா."

கூடப் படிக்கிறவர்கள் அப்பா அம்மாவோடு காலேஜ் காலேஜாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள்.

பத்து நாள் போயிருக்கும். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்த மூணு காலேஜுக்கும் இன்னைக்கே விண்ணப்பத்தை அனுப்பிடு."

"அப்பா கையெழுத்து போடலையே, டீச்சர்?"

"வேண்டாமாம். அப்பா சுத்தமா கைவிட்டுட்டார்னு, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் கொடுத்தா போதுமாம். எனக்கே இப்பத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்துச்சு. அதோட நகலை அனுப்பி வச்சேன், மூணு காலேஜ்லயும் ஒத்துக்கிட்டாங்க."

"அம்மா எழுதினாங்களா?"

"அம்மா எழுதினா செல்லாதே. வேற ஒருத்தர். நீயே படிச்சுப் பாரு."

எனக்காக எழுத யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் கடிதத்தை வாங்கினாள்.

'இந்தப் பெண்ணின் தந்தை ஆறு வருடமாக இவளுக்கு ஒரு பைசா அனுப்பியதில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்ததும் இல்லை. சென்ற சனிக்கிழமை தேடி வந்தவளையும் வெறுங்கையோடு அனுப்பினார். தயவுசெய்து இவளை இன்னொரு முறை அவர் முன்னால் கெஞ்ச வைக்காதீர்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான் அவருடைய மனைவி. இவளுக்கு அப்பா இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு.'