பம்ப் ஒயர்

"போட்ட பத்தே நிமிஷத்துல அணைஞ்சிடுது தம்பி. மூணாவது தடவையா உங்களைக் கூப்பிடறேன்," என்றாள் அந்த அம்மாள்.

மெக்கானிக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கும் சின்ன பம்ப் ஓடவில்லை. அதற்குக் கரண்ட் தரும் ஒயர் இந்தத் தடவையும் கழன்று கிடந்தது.

"இது தானா கழலாதும்மா. யாரோ வேணும்னே பிடுங்கறாங்க. வீட்டுல வேற யாரு?"

"அவர் மட்டும்தான்."

பெண்டாட்டி கொஞ்ச நேரம் படம் பார்த்தால்கூடப் பொறுக்காத மனுஷனா என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. ஒயரைச் செருகியதும் பம்ப் ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து அவள் கணவர் ஆபீசிலிருந்து வந்தார்.

"பம்ப் ஓடலைன்னா மெஷினே போயிடும் சார். அவங்க எதையாவது பார்த்துட்டுப் போகட்டுமே."

அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போன வருஷம் விபத்துல போன எங்க பொண்ணோட வீடியோவைத்தான் பார்க்கறா தம்பி. விட்டா சோறு தண்ணி இல்லாம இங்கேயே கிடப்பா. எனக்கு வேற வழி தெரியல."

மெக்கானிக் மூடியைத் திரும்ப மாட்டினான்.

"நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு முதல் நாளே தெரியும்," என்றாள் அவள். "ஒரு தடவை பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருந்தா, நானே அணைச்சிட்டு எழுந்திருப்பேன்."

அவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். அவள் வீடியோவை ஓடவிட்டாள். திரையில் மகள் சிரித்துக்கொண்டே "அப்பா, இங்க பாருங்க" என்றதும், அவர் உடைந்துபோய்க் கதறினார்.

மெக்கானிக் பதறிப்போய் வீடியோவை அணைக்கப் போனான். அவள் தடுத்தாள்.

"விடுங்க தம்பி. ஒரு வருஷமா அவர் அழவே இல்ல."