கயிற்றைத் தாண்டிய பந்து

பசுபதிக்கு வேலை போய்விட்டது. விசா கெடுவும் நெருங்கிவிட்டது. கோல்ஃபில் ஆனா ஆவன்னா தெரியாதவன், நியூஜெர்சியில் நடந்த அந்தப் பெரிய போட்டிக்கு டிக்கெட் எடுத்ததே, அங்கே ஒரு பெரிய கம்பெனியின் டைரக்டர் அச்சுதன் வருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான். அவர் மனது வைத்தால் வேலை நிச்சயம்.

அச்சுதனோ ஓரிடத்தில் நிற்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு குழிக்குக் குழி ஓடினார். ‘இப்படியும் ஒரு கோல்ஃப் பைத்தியமா!’ மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தான் பசுபதி.

ஒருவழியாக அவரை நெருங்கி, “சார்...” என்று வாயெடுத்தபோது, ஒரு பந்து பார்வையாளர்களுக்கான தடுப்புக் கயிற்றைத் தாண்டி அவன் காலடிக்கு உருண்டு வந்தது. தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த கை சும்மா இருக்குமா? எடுத்து ஆட்டக்காரரிடமே வீசிவிட்டான்.

கூட்டம் கொந்தளித்தது.

“ஐயோ, பந்தைத் தொடவே கூடாதுங்க!” அச்சுதன் தலையில் கைவைத்தார்.

“சாரி சார்! வேலை போயிடுச்சு. உங்க கம்பெனில ஒரு ஜாப் கேக்கத்தான் காலையிலேர்ந்து ஃபாலோ பண்றேன்...”

அச்சுதன் எக்கி எக்கிக் கூட்டத்தைத் துழாவினார். “நீங்க பண்ண கலாட்டாவுல அவரை மிஸ் பண்ணிட்டேனே!”

“யாரை சார்?”

“சிவப்புத் தொப்பி போட்டவர். வேற கம்பெனி வைஸ் பிரசிடென்ட். போன வாரம் என்னையும் தூக்கிட்டாங்க. காலையிலேர்ந்து நான் அவர் பின்னாடிதான் ஓடிட்டிருக்கேன்.”